வெர்சாய் அரண்மனைத் தோட்டமும் அதன் தண்ணீரும்

பிரான்சு நாட்டை 72 ஆண்டுகள் ஆண்ட மன்னர் பதினான்காம் லூயி (1638–1715) போர் ஆணைகளும் வரி ஆணைகளும் பிறப்பித்தவர் என்பது பள்ளிப் பாடநூல்களிலேயே உண்டு. அவர் ஒரு சுற்றுலாக் கையேடும் எழுதியிருக்கிறார் என்பது அந்த அளவுக்குத் தெரிந்த செய்தியன்று. ‘வெர்சாய் தோட்டங்களைக் காட்டும் முறை’ என்பது அதன் பெயர். சில பக்கங்களே கொண்ட அந்தக் குறிப்பு 1689-க்கும் 1705-க்கும் இடையில் ஆறு முறை மாற்றி எழுதப்பட்டது. அரண்மனையை விட்டு வெளியே வந்து எந்தப் படியின் மேல் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த இடத்தில் சற்றே நின்று எதை எதைப் பார்க்க வேண்டும் என்று எண்ணிட்ட கட்டளைகளாக அது செல்கிறது. இது அழகானது, இது அரியது என்ற வருணனை எதுவும் அதில் கிடையாது. போ, நில், திரும்பு, பார் என்பதோடு சரி.

விருந்தினரை ஒரு மன்னர் இவ்வளவு கண்டிப்பாக வழிநடத்துவதற்கு ஆணவம் ஒரு காரணமாக இருக்கலாம். தோட்டத்தின் அழகு வரிசை கெடாமல் கண்ணில் பட வேண்டும் என்ற அக்கறையும் இருந்திருக்கும். ஆனால் வெர்சாயின் வரலாற்றைப் படித்தால் இவற்றோடு இன்னொன்றும் தெரிய வருகிறது. அந்தத் தோட்டத்தில் எல்லா நீரூற்றுகளையும் ஒரே நேரத்தில் நாள் முழுவதும் ஓடவிடும் அளவுக்கு ஒருநாளும் தண்ணீர் இருந்ததில்லை. யார் எப்போது எங்கே நிற்பார் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அங்கே தண்ணீரைத் திறந்துவிட முடியும்.

வேட்டை மாளிகையிலிருந்து அரண்மனை வரை

பாரிசு நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வெர்சாய். லூயியின் தந்தையான பதின்மூன்றாம் லூயி 1623-இல் அங்கே ஒரு சிறு வேட்டை மாளிகை கட்டினார். சுற்றிலும் காடும் சதுப்பும்தான். அந்த இடத்தைப் பற்றி, பிற்காலத்தில் அரசவையில் வாழ்ந்து நினைவுக்குறிப்புகள் எழுதிய சென்-சிமோன் பிரபு, காட்சியும் இல்லை, நீரும் இல்லை, நல்ல மண்ணும் இல்லை என்ற பொருளில் எரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறார். அவர் மன்னர்மீது கசப்புக் கொண்டவர். அவர் சொல்வதைச் சற்றுக் கழித்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் நீரைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

1661 ஆகஸ்டு 17-ஆம் நாள், நிதிப் பொறுப்பாளரான நிக்கோலா ஃபூக்கே தமது வோ-லெ-விகோம்த் மாளிகையில் மன்னருக்குப் பெருவிருந்து அளித்தார். அந்த மாளிகையும் தோட்டமும் நீரூற்றுகளும் மன்னரிடம் இருந்த எதையும் விடச் சிறப்பாக இருந்தன. மூன்று வாரம் கழியுமுன் செப்டம்பர் 5-ஆம் நாள் ஃபூக்கே கைது செய்யப்பட்டார். எஞ்சிய வாழ்நாள் அவருக்குச் சிறையிலேயே கழிந்தது. அவரைக் கைது செய்யும் திட்டம் விருந்துக்கு முன்பே உருவாகிவிட்டது என்று வரலாற்று ஆசிரியர்கள் கருதுகின்றனர். எனவே விருந்தின் பொறாமைதான் அவரைக் கவிழ்த்தது என்னும் வழக்கமான கதை முழு உண்மையன்று. ஆனால் அந்த மாளிகையை உருவாக்கிய மூவர், கட்டடக் கலைஞர் லெ வோ, ஓவியர் லெ ப்ரன், தோட்டக் கலைஞர் ஆந்த்ரே லெ நோத்ர் (1613–1700), மன்னரின் வெர்சாய் பணிக்கு வந்து சேர்ந்தனர். ஃபூக்கேயின் ஆரஞ்சு மரங்களும் தொட்டிகளோடு வந்து சேர்ந்தன.

அதன்பின் மன்னர் இறக்கும் வரை வெர்சாயில் கட்டுமானம் நிற்கவில்லை. 1682 மே 6-ஆம் நாள் அரசவை முழுவதும் அங்கே குடிபெயர்ந்தது. 73 மீட்டர் நீளமும், 17 சன்னல்களும், அவற்றுக்கு எதிரே 357 கண்ணாடிகளும் கொண்ட கண்ணாடி மண்டபம் 1684-இல் முடிந்தது. இன்று பயணிகள் பெரும்பாலோர் கூரை ஓவியத்தையும் சரவிளக்குகளையும் அண்ணாந்து பார்த்தபடி அந்த மண்டபத்தைக் கடந்து போகிறார்கள். அந்தக் கண்ணாடிகள் எதைப் பிரதிபலிக்கின்றன என்று திரும்பிப் பார்ப்பது நல்லது. சன்னலுக்கு வெளியே விரிந்து கிடக்கும் தோட்டத்தையும் வானத்தையும்தான்.

அளவெடுத்த தோட்டம்

லெ நோத்ர் அமைத்தது பூங்கொத்துத் தோட்டம் அன்று. கயிறு கட்டி, முளை அடித்து, மட்டம் பார்த்து வரைந்த நிலம். அரண்மனைச் சுவரை ஒட்டி இருப்பவை ‘பார்த்தேர்’ எனப்படும் தாழ்ந்த பாத்திகள். மேலிருந்து பார்த்தால் கோலம் போட்டது போல் இருக்கும். அவற்றுக்கு அப்பால் நேர்ச்சாலைகள். சாலைகளின் இருபுறமும் மரங்களைச் சுவர்போல் கத்தரித்து, அந்தச் சுவர்களுக்கு உள்ளே ‘போஸ்கே’ எனப்படும் சோலைகளை மறைத்து வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அடர்ந்த மரக்கூட்டம். உள்ளே நுழைந்தால் கூரையில்லாத ஒரு கூடம், நடுவில் நீரூற்று. ஒவ்வொரு சோலையும் வேறு வகை. ஈசாப்பு நீதிக்கதைகளை வைத்து 39 நீரூற்றுகளுடன் ஒரு சுழல்வழிச் சோலைகூட இருந்தது. அதைப் பதினாறாம் லூயியின் காலத்தில் எடுத்துவிட்டார்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே நேர்க்கோடு தைத்துச் செல்கிறது. கண்ணாடி மண்டபத்தின் நடுச் சன்னலில் தொடங்கும் அந்தக் கோடு லத்தோனா நீரூற்று, பசும்புல் விரிப்பு, அப்போலோ தடாகம் ஆகியவற்றின் வழியே பெருங்கால்வாயில் இறங்கி அடிவானத்தில் போய் மறைகிறது. பெருங்கால்வாய் ஏறத்தாழ 1,670 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். 1668-இல் தோண்டத் தொடங்கி முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. தொலைவில் உள்ள பொருள் சிறுத்துத் தெரியும் என்பதால் லெ நோத்ர் தொலைவு கூடக் கூட நீர்நிலைகளைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். அதனால் மேல்தளத்தில் நின்று பார்ப்பவருக்குக் கால்வாய் கூப்பிடு தூரத்தில் இருப்பது போல் தோன்றும். நடக்கத் தொடங்கிய பிறகுதான் கால்வலி உண்மையைச் சொல்லும்.

பெருங்கால்வாய் தோட்டத்தின் தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. மேட்டிலிருந்து வடியும் நீர் எல்லாம் அங்கே தேங்கும். வெனிசு நகரம் மன்னருக்கு அனுப்பிய கொண்டோலாப் படகுகள் அதில் மிதந்தன. அவற்றைச் செலுத்த வந்த வெனிசு படகோட்டிகள் கால்வாயின் கரையில் குடியமர்த்தப்பட்டார்கள். ஆக, தண்ணீரே இல்லை என்று சொல்வது தவறு. தண்ணீர் கீழே இருந்தது. அது மேலே வேண்டியிருந்தது.

மேட்டுக்கு ஏறாத நீர்

நீரூற்று என்பது அடிப்படையில் நம் ஊர் மேல்நிலைத் தொட்டியின் கதைதான். உயரத்தில் தொட்டி இருக்க வேண்டும். அங்கிருந்து குழாய் கீழே வர வேண்டும். குழாயின் வாயைக் குறுக்கினால் நீர் பீறிட்டு எழும். தொட்டியின் மட்டத்துக்குச் சற்றுக் குறைவான உயரம் வரை அது எழும்பும். நீராவி எந்திரமோ மின்சாரமோ இல்லாத காலத்தில், மேட்டில் இருக்கும் தொட்டியை யார் நிரப்புவது என்பதே கேள்வி.

முதலில், அரண்மனைக்கு வடக்கே இருந்த கிளாஞி ஏரியிலிருந்து குதிரைகள் சுழற்றும் இறைப்புப் பொறிகளால் நீரை ஏற்றினார்கள். இத்தாலியக் குடும்பத்திலிருந்து வந்த ஃபிரான்சீன் சகோதரர்கள் நீரூற்றுகளின் பொறுப்பை ஏற்றிருந்தனர். அரண்மனையை ஒட்டி எழுந்த தெத்திசு குகை மண்டபத்தின் கூரையே ஒரு நீர்த்தொட்டியாக அமைந்தது. உள்ளே சிற்பங்களும் சிப்பிகளும், மேலே தண்ணீர். அந்த ஏரி போதவில்லை. பியேவ்ர் என்ற சிற்றாற்றிலிருந்து காற்றாலைகளை வைத்து இறைத்தார்கள். அதுவும் போதவில்லை. தோட்டம் வளர்ந்த வேகத்துக்கு எந்த ஏற்பாடும் ஈடு கொடுக்கவில்லை.

தெற்குப் பிரான்சில் மாபெரும் கால்வாயை வெட்டிக்கொண்டிருந்த ரிக்கே ஒரு யோசனை சொன்னார். லுவார் ஆற்றையே வெர்சாய்க்குத் திருப்பிவிடலாம் என்பது அது. வானியலறிஞர் ழான் பிக்கார் தொலைநோக்கி பொருத்திய மட்டக்கருவியால் அளந்து பார்த்தார். வழியில் உள்ள மேடுகளையும் ஆற்றின் மட்டத்தையும் கணக்கிட்டால் அந்த நீர் வெர்சாய்க்கு வந்து சேராது என்பது தெளிவாயிற்று. வரலாற்றில் மன்னர்களிடம் ‘முடியாது’ என்று சொன்னவர்கள் குறைவு. அளவுகோலை வைத்துக்கொண்டு சொன்னதால் பிக்காரின் சொல் எடுபட்டது.

அதன்பின் செய்த வேலை தமிழ் வாசகருக்கு உடனே விளங்கும். வெர்சாய்க்கு மேற்கேயும் தெற்கேயும் உள்ள உயர்ந்த சமவெளியில் மழைநீரைப் பிடிக்க ஏரிகளை வெட்டி, ஒன்றோடொன்றை வரத்துக்கால்களால் இணைத்தார்கள். வயல்களின் ஓரமாக ஓடும் சிறு கால்கள் ஏரிகளை நிரப்ப, அங்கிருந்து நீர் தன் போக்கில் வெர்சாயை அடைந்தது. நம்முடைய சங்கிலித் தொடர் ஏரிகளின் அமைப்பும் இதுவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் ஏரியின் கடைமடையில் நெல்வயல் இருக்கும். அந்த ஏரிகளின் கடைமடையில் வெண்கலச் சிலைகள் நின்றன. அந்த ஏரிகளில் சில இன்னும் உள்ளன. சக்லே சமவெளியின் நீரைப் பள்ளத்தாக்குக்கு மேலாகக் கொண்டுவந்த பியூக் நீர்ப்பாலமும் இன்னும் நிற்கிறது.

மார்லி எந்திரம்

வெர்சாய்க்கு அருகில் ஓடும் பெரிய ஆறு செய்ன். ஆனால் அது அரண்மனையைவிட ஏறத்தாழ 100 மீட்டர் தாழ்வில் ஓடுகிறது. இடையில் அதைவிட உயர்ந்த குன்றுகள் வேறு. அந்த ஆற்றை மேலே ஏற்றிக் காட்டுவதாக லியேழ் நாட்டைச் சேர்ந்த ஆர்னோல் தெ வீல் என்பவர் முன்வந்தார். எந்திரத்தை உண்மையில் வடிவமைத்துக் கட்டியவர் அதே நாட்டுத் தச்சரான ரென்கின் சுவாலெம். நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து நீரை வெளியேற்றும் பொறிகளைச் செய்து பழகியவர்.

1681-இல் தொடங்கிய பணி 1684-இல் முடிந்தது. ஆற்றின் ஓட்டத்தால் சுழலும் 14 பெரிய மரச்சக்கரங்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரத்துக்கு மேல். அவற்றின் சுழற்சி இரும்புத் தண்டுகளின் வழியே மலைச்சரிவில் ஏறி, இருநூறுக்கும் மேற்பட்ட பம்புகளை இயக்கியது. நீர் ஒரே தாவலில் ஏறவில்லை. சரிவில் இரண்டு இடங்களில் தொட்டி கட்டி, மூன்று நிலைகளாக ஏற்றி, 160 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருந்த நீர்ப்பாலத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஏற்றத்தில் ஏறி மிதித்து ஒரு சால் நீரை மேலே கொண்டுவரும் உழைப்பை அறிந்தவர்கள் இந்த உயரத்தை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

அந்தக் காலத்தின் மிகப்பெரிய எந்திரம் என்று அதைப் பார்க்க ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். மரமும் இரும்பும் உராயும் ஓசை சுற்றுவட்டாரம் முழுவதும் கேட்டது. தண்டுகள் அடிக்கடி உடைந்தன. தோலால் செய்த அடைப்புகள் தேய்ந்தன. பழுது பார்க்கவே ஏராளமான தச்சர்களும் கொல்லர்களும் நிரந்தரமாக அங்கே தங்கினர். இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய நீரில் பெரும் பங்கு வெர்சாய்க்குப் போகவுமில்லை. மன்னர் அதற்குள் மார்லியில் இன்னொரு மாளிகை கட்டி, அங்கேயும் நீரூற்றுகளும் அருவியும் அமைத்துவிட்டார்.

சீழ்க்கை ஒலி

ஆக, தண்ணீரைப் பங்கிட வேண்டிய நிலை. மன்னரின் அமைச்சர் கோல்பேர் அதற்கு விதிமுறைகள் வகுத்தார். அரண்மனையின் சன்னல்களிலிருந்து தெரியும் நீரூற்றுகள் நீண்ட நேரம் ஓடும். மற்றவை மன்னரோ முக்கிய விருந்தினரோ நெருங்கும்போது மட்டும் திறக்கப்படும். நீரூற்றுக்காரர்கள் திருகுகளின் அருகே காத்து நிற்பார்கள். மன்னர் வரும் திசையைப் பார்த்து ஒருவர் சீழ்க்கை அடிப்பார். அடுத்த சோலையில் நிற்பவர் நீரைத் திறப்பார். மன்னர் கடந்து சென்றதும் பின்னால் நீர் நிறுத்தப்படும். நம் ஊரில் எந்த வயலுக்கு எப்போது மடையைத் திறப்பது என்று முறை வைத்துக் காக்கும் நீர்க்கட்டியின் வேலைதான் இதுவும். ஆனால் நீர்க்கட்டியை ஊரே அறியும். வெர்சாயின் நீரூற்றுக்காரர் கண்ணில் படக்கூடாது.

இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மன்னரின் கையேட்டைப் படித்தால் அதன் கண்டிப்புக்கு இன்னொரு பொருள் கிடைக்கிறது. விருந்தினர் தாம் விரும்பிய பக்கம் திரும்பினால் உலர்ந்த தடாகத்தின் முன் போய் நிற்க நேரும். கையேட்டின் வழியில் சென்றவருக்கோ வெர்சாய் முழுவதும் எந்நேரமும் நீர் பாய்ந்துகொண்டே இருப்பதாகத் தோன்றும். கையேட்டின் நோக்கம் இது ஒன்றுதான் என்று சொல்வதற்கில்லை. ஆனால் தண்ணீர்ப் பற்றாக்குறையை மறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கையேடு நிற்கச் சொல்லும் முதல் இடங்களுள் ஒன்று லத்தோனா நீரூற்று. கிரேக்க, ரோமானியப் புராணத்தில் சூரியக் கடவுள் அப்போலோவின் தாய் லத்தோனா. கைக்குழந்தைகள் இருவருடன் தாகத்தால் தவித்து ஒரு குளக்கரைக்கு வருகிறாள். ஊரார் குடிக்க விடாமல் குளத்தில் இறங்கிச் சேற்றைக் கலக்குகிறார்கள். அவள் சாபத்தால் அவர்கள் தவளைகளாகிறார்கள். பாதி மனிதரும் பாதித் தவளையுமாக வாயிலிருந்து நீரைப் பீய்ச்சும் உருவங்கள் அடுக்கடுக்காக அவளைச் சூழ்ந்திருக்கின்றன. தம்மைச் சூரியனோடு ஒப்பிட்டுக்கொண்ட மன்னருக்குச் சூரியனின் தாய் கதை பொருத்தமாகத் தோன்றியிருக்கும். மூன்று நூற்றாண்டு கடந்து பார்க்கும் நமக்கு, தண்ணீர் மறுத்தவர்களைத் தண்டிக்கும் கதையைச் சுற்றுவட்டாரத்து நீரையெல்லாம் இழுத்து வந்து ஓடவிட்டார்கள் என்பதே முதலில் படுகிறது.

யூர் ஆறும் மென்தெனோன் வளைவுகளும்

பற்றாக்குறையை ஒரேயடியாகத் தீர்த்துவிட 1685-இல் மன்னரும் போர் அமைச்சர் லூவுவாவும் முடிவு செய்தனர். யூர் என்ற ஆற்றை அதன் மேல்பகுதியில் மறித்து, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயில் வெர்சாய்க்குக் கொண்டுவருவது திட்டம். மட்டம் அளந்தவர் அறிவியலறிஞர் லா ஈர். வேலையை வகுத்தவர் கோட்டைக் கட்டுமானத்தில் புகழ்பெற்ற வோபான். வழியில் மென்தெனோன் என்ற ஊரில் ஓர் அகன்ற பள்ளத்தாக்கு. அதன்மேல் மூன்று அடுக்கு வளைவுகள் கொண்ட நீர்ப்பாலம் எழுப்ப வேண்டும். உரோமர்கள் கட்டிய எதையும் விடப் பெரியதாக அது இருந்திருக்கும்.

அது அமைதிக் காலம். சும்மா இருந்த படைவீரர்களைக் கொண்டுவந்து மண் வெட்ட விட்டார்கள். உச்சக்கட்டத்தில் 20,000 முதல் 30,000 பேர் வரை அங்கே வேலை செய்தனர். சதுப்பு நிலத்தைக் கிளறிய இடத்தில் கூடாரமடித்துத் தங்கியவர்களைக் காய்ச்சல் பிடித்தது. கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். நோயுற்றோரையும், குறிப்பாக இறந்தோரையும் பற்றி முகாமில் யாரும் பேசக்கூடாது என்று கடும் தடை இருந்ததாகச் சென்-சிமோன் எழுதுகிறார். இறந்தவர் தொகை இவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடிவதில்லை. பேசவே தடை விதித்த இடத்தில் கணக்கு எப்படி மிஞ்சும்?

இத்தகைய மௌனம் மென்தெனோனுக்கு மட்டும் உரியதன்று. அதற்கும் முன்னால், 1678 அக்டோபரில், கடித இலக்கியத்துக்குப் பெயர்பெற்ற செவீஞ்யே சீமாட்டி வெர்சாய் கட்டுமானத்தில் சாகும் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார். பிணங்கள் இரவு தோறும் வண்டி வண்டியாகக் கொண்டுசெல்லப்படுகின்றன, மற்றவர்கள் அஞ்சி ஓடிவிடாமல் இருக்க அது மறைக்கப்படுகிறது என்பது அவர் சொன்ன செய்தி. அரண்மனைக் கட்டுமானக் கணக்கேடுகளில் சிற்பிக்குக் கொடுத்த பணம், ஈயக்குழாய்க்குக் கொடுத்த பணம் ஆகியவற்றின் வரிசையில், கை ஒடிந்தவருக்கும் கண் போனவருக்கும் கணவனை இழந்தவருக்கும் கொடுத்த சிறு தொகைகளும் பதிவாகியுள்ளன. 1685-இல் வெர்சாயிலும் சுற்றுப்புறத்திலும் 36,000 பேர் வேலை செய்ததாக அரசவைக் குறிப்பாளர் தான்ழோ எழுதியிருக்கிறார்.

1688-இல் போர் மூண்டது. வீரர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எல்லைக்குச் சென்றார்கள். மென்தெனோனில் முதல் அடுக்கின் வளைவுகள் மட்டுமே எழுந்திருந்தன. போர் ஒன்பது ஆண்டு நீடித்துக் கருவூலத்தைக் காலி செய்தது. வேலை மீண்டும் தொடங்கவே இல்லை. யூர் ஆற்றின் நீர் ஒரு சொட்டும் வெர்சாய்க்கு வந்து சேரவில்லை. கையேட்டின் முதல் வடிவம் எழுதப்பட்டது அடுத்த ஆண்டான 1689-இல் என்பதைக் கவனிக்கலாம்.

புதுச்சேரியிலிருந்து வந்த விருந்தினர்

வெர்சாயைக் காண வந்தவர்களில் கீழைநாட்டாரும் உண்டு. 1686-இல் சயாம் நாட்டுத் தூதர்களுக்குக் கண்ணாடி மண்டபத்தில் பெரும் வரவேற்பு நடந்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது ஒரு நூற்றாண்டு பிந்திய வருகை. மைசூரை ஆண்ட திப்பு சுல்தான், ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரான்சின் உதவியை நாடி மூன்று தூதர்களை அனுப்பினார். 1787-இல் புதுச்சேரித் துறையில் கப்பலேறிய அவர்கள் மறு ஆண்டு கோடையில் பிரான்சை அடைந்து, 1788 ஆகஸ்டு 10-ஆம் நாள் வெர்சாயில் பதினாறாம் லூயியைச் சந்தித்தனர். அவர்களைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. தூதர் முகமது தர்வேசு கானை, புகழ்பெற்ற ஓவியரான விஜே லெ ப்ரன் அம்மையார் ஆளுயர ஓவியமாகத் தீட்டினார். திப்பு படையுதவி மட்டும் கேட்கவில்லை. கைவினைஞர்கள், செடிகள், விதைகள் என்றும் கேட்டிருந்தார். சீரங்கப்பட்டணத்தில் தோட்டங்களை ஆர்வத்தோடு வளர்த்தவர் அவர். படை கிடைக்கவில்லை. கொடுக்க நினைத்தாலும் லூயியின் கருவூலம் காலியாக இருந்தது. அடுத்த ஆண்டு 1789 அக்டோபர் 6-ஆம் நாள், பாரிசிலிருந்து திரண்டு வந்த மக்கள் மன்னர் குடும்பத்தை அழைத்துச் சென்றார்கள். அதன்பின் எந்த மன்னரும் வெர்சாயில் குடியிருக்கவில்லை.

அரசர் இல்லாத தோட்டம்

புரட்சிக் காலத்தில் தோட்டத்தை அழித்து நிலத்தை விற்றுவிடும் பேச்சு எழுந்தது. தோட்டக்காரர் அந்துவான் ரிஷார், நிலத்தை மக்களுக்குப் பயன்படச் செய்யலாம் என்று வாதாடிக் காப்பாற்றினார். பூப்பாத்திகளில் காய்கறியும் பழமரங்களும் நடப்பட்டன. 1837-இல் அரண்மனை அருங்காட்சியகமாயிற்று. 1871-இல் செருமானியப் பேரரசு அறிவிக்கப்பட்டதும், 1919 ஜூன் 28-ஆம் நாள் முதல் உலகப் போரை முடித்த உடன்படிக்கை கையெழுத்தானதும் கண்ணாடி மண்டபத்தில்தான். 1979-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் வெர்சாய் இடம் பெற்றது.

மரங்களைப் பொறுத்தவரை, இன்று நாம் பார்ப்பவை லெ நோத்ர் நட்டவை அல்ல. பதினாறாம் லூயி 1774-க்குப் பின் தோட்டம் முழுவதையும் வெட்டி மறுநடவு செய்தார். 1999 டிசம்பர் 26-ஆம் நாள் வீசிய புயல் ஒரே காலையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களைச் சாய்த்தது. ஆனால் கோடுகள் பழையவை. குழாய்களில் பலவும் பழையவை. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் அமைப்பு மண்ணுக்கடியில் இன்னும் வேலை செய்கிறது. லூயியின் காலத்தில் 1,400 அளவில் இருந்த நீர்த்தாரைகள் இன்று 600 அளவில் உள்ளன.

பார்க்கச் செல்வோருக்கு

பாரிசிலிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணிக்குள் போய்விடலாம். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நீரூற்றுகள் இளவேனில் தொடங்கி இலையுதிர்காலம் வரை, பெரும்பாலும் வார இறுதிகளில் மட்டும், குறித்த சில மணி நேரம் இசையோடு திறக்கப்படுகின்றன. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. மற்ற நாள்களில் போனவர்கள் தடாகங்கள் அசையாமல் கிடப்பதைக் கண்டு ஏமாறுவதுண்டு. மூன்று நூற்றாண்டாக முறைவைத்துத்தான் அங்கே தண்ணீர் விடுகிறார்கள் என்பதை அறிந்து போனால் அந்த ஏமாற்றம் இராது. இப்போது நீர் வீணாவதில்லை. ஓடி முடிந்து பெருங்கால்வாயில் சேரும் நீரை மின்பம்புகள் மீண்டும் மேல்தொட்டிகளுக்கு ஏற்றுகின்றன. தொட்டியிலிருந்து நீரூற்றுக்கு வருவது மட்டும் அன்றுபோல் இன்றும் சரிவின் வேகத்தால்தான். நீரூற்றுக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். சோலைகளின் ஓரத்தில் இரும்பு மூடியைத் திறந்து நீண்ட திருகுகோலை இறக்குபவரைக் கண்டால் சற்று நின்று பாருங்கள்.

அரண்மனையின் உள்ளே கூட்டம் மிகுதி. காலையில் முதலில் தோட்டத்துக்குப் போய்விட்டு, பிற்பகலில் கண்ணாடி மண்டபத்துக்கு வந்தால் மேற்கு வெயில் சன்னல்களில் விழும். தெற்குப் பக்கம் ஓராஞ்செரி என்னும் குளிர்காலக் காப்பகம் இருக்கிறது. தொட்டிகளில் வளரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆரஞ்சு, எலுமிச்சை, பனை வகைகளைக் கோடையில் வெளியே வரிசையாக வைத்திருப்பார்கள். அதற்கு எதிரே தெரியும் பெரிய ஏரி சுவிசுக் காவற்படையினர் தோண்டியது. காய்ச்சலுக்கு அங்கேயும் பலர் இறந்தனர்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் மென்தெனோன் ஊருக்கும் ரயில் உண்டு. மாளிகைத் தோட்டத்தின் எல்லையில் அந்த நீர்ப்பால வளைவுகள் நிற்கின்றன. பதினைந்தாம் லூயியின் காலத்தில் வேறொரு மாளிகை கட்டுவதற்காகக் கற்களில் ஒரு பகுதியைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். எஞ்சிய வளைவுகளின் மேல் செடி முளைத்திருக்கிறது. கீழே, திசை மாற்ற முடியாத யூர் ஆறு தன் வழியில் ஓடிக்கொண்டிருக்கிறது.